எழுந்து வருகிறவர்களுக்கு எந்தக் கத்தி

செத்தவர்கள் எழுந்து வந்தால் நேராக என் வீட்டுக்குத்தான் வருவார்கள் என்று நான் நம்பினேன். சின்ன வயதில் இல்லை. முதுகு டிஸ்க் விலகி, விருப்ப ஓய்வு வாங்கி, மருமகனையும் பார்த்துவிட்ட வயதில், போன கோடையில் நம்பினேன்.

அப்படி நம்ப எனக்குக் காரணம் இருந்தது. மற்றவர் வீட்டுக்கு ஜாம்பி வந்தால் கடித்துவிட்டுப் போய்விடும். என் வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்து விசாரிக்கும். நான் அரசு மருத்துவமனை ஒன்றின் பிணவறையில் உதவியாளனாக வேலை பார்த்தவன். இந்த வட்டாரத்தில் தூக்கில், விஷத்தில், ஏரியில், ரோட்டில் போனவர்களில் நிறையப் பேர் என் கை வழியாகத்தான் போனார்கள். டாக்டர் சொல்லச் சொல்ல அறுத்தவன் நான். அப்புறம் தைத்தவனும் நான்தான். தைத்ததை என் தரப்பு வாதமாக எடுத்து வைக்கலாம். ஆனால் ஜாம்பிகள் நின்று வாதம் கேட்பதாக நான் பார்த்த ஜாம்பித் தொடரில் எங்கேயும் காட்டவில்லை.

தொடரைப் போட்டுக் கொடுத்தது மருமகன். படுத்துக் கிடக்கிற மாமனாருக்குப் பொழுது போகட்டும் என்கிற நல்ல எண்ணம்தான். வெளிநாட்டில் ஒரு காய்ச்சல் வருகிறது. கண் சிவக்கிறது. செத்தவர் எழுந்து, கையை முன்னால் நீட்டிக்கொண்டு, 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நடக்கிறார். அவர் கடித்தவரும் அதே மாதிரி ஆகிவிடுகிறார். மண்டையில் போட்டால்தான் விழுவார்கள். ஆரம்பத்தில் ஒரு தொழிலாளியின் கண்ணோடுதான் பார்த்தேன். ஒல்லியாக ஒரு பெண், ஒரே வீச்சில் ஒரு மண்டையை இரண்டாக்குகிறாள். நான் சத்தமாகச் சிரித்தேன். மண்டை ஓடு தர்பூசணி இல்லை. ரம்பம் போட்டு, உளி வைத்து, சுத்தியால் தட்டி, சட்டை நனைய நனைய வேலை பார்த்தால்தான் அது வழிக்கு வரும். அதுவும் ஆள் அசையாமல் படுத்திருக்கும்போது.

சிரித்துக்கொண்டே பார்த்ததில் பாதித் தொடர் ஓடிவிட்டது. அப்போதுதான் எங்கள் தெருவில் மெட்ராஸ் ஐ வந்தது.

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் பட்டுத்தறி போட்டிருப்பவர். ஒரு நாள் காலையில் அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கண் இரண்டும் செக்கச்செவேல். இமை ஒட்டிக்கொண்டதால் படி தெரியாமல், கையை நீட்டித் தடவித் தடவி வந்தார். எரிச்சலில் முனகல் வேறு. நான் எங்கள் கேட்டைச் சாத்திக் கொண்டியையும் போட்டேன்.

இதையெல்லாம் என் மனைவி எஸ்தர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு கண்ணுக்கு மருந்து வுட்டுக்கினு படி தேடுறாரு. நீ இன்னாத்துக்குய்யா கேட்ட சாத்துற?"

நான் காற்று வருகிறது என்று சொன்னேன். சித்திரை மாதம். காஞ்சிபுரத்தில் அந்த மாதம் காற்று வந்தால் அதைக் கட்டிப் போட்டு வைப்பார்களே தவிர, யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

அந்த வாரத்திலேயே தெருவில் பாதிப்பேருக்குக் கண் சிவந்துவிட்டது. ஏகாம்பரம் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்து, அரக்குக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாமல் வீட்டில் திட்டு வாங்கினார். எனக்கு அதெல்லாம் சிரிப்பாக இல்லை. நான் ஞாயிறுதோறும் கோயிலில் எழுந்து நின்று, மரித்தவர்கள் உயிரோடு எழுவார்கள் என்று சபையோடு சேர்ந்து உரக்கச் சொல்கிறவன். திங்கள் காலையில் அதே மரித்தவர்களிடம் கத்தியோடு போய் நின்றவன். இரண்டும் ஒரே ஆள் என்பது இத்தனை வருஷம் கழித்து அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது. ஒருவேளை எழுந்தால்?

சரி, ஆயுதம் பார்ப்போம் என்று இறங்கினேன்.

வீட்டில் இருந்தது அரிவாள்மனை. நல்ல பதம், மீன் அறுத்துத் தீட்டிய இரும்பு. ஆனால் அது உட்கார்ந்து அறுக்கிற ஆயுதம். வருகிற ஜாம்பியை எதிரில் உட்கார வைத்து, கழுத்தைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டியிருக்கும். எஸ்தர் அதைத் தரவும் மாட்டாள். அடுத்து, சினிமாவில் வருகிற மாதிரி நீளமான பட்டாக்கத்தி. அதைத்தான் நான் முதலில் ஆசைப்பட்டேன். பயந்தவனுக்கு நீளம்தான் பிடிக்கும், எதிராளி அந்தப் பக்கமே நிற்கட்டும் என்று. ஆனால் நீளக் கத்தி எலும்பில் மாட்டினால் திரும்ப வராது. இது எனக்கு அனுபவப் பாடம். மாட்டிய கத்தியை உருவக் காலை ஊன்றி இழுக்க வேண்டும். அதற்குள் பின்னால் வருகிற இரண்டு பேர் வரிசையில் நின்று காத்திருக்க வேண்டும். அது தவிர பட்டாக்கத்தியோடு தெருவில் நின்றால் ஜாம்பிக்கு முன்னால் போலீஸ் வந்துவிடும்.

கடைசியில் ரயில்வே கேட் பக்கம் இருக்கிற கொல்லுப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் மணியை எனக்குப் பழக்கம். எதற்கு என்று கேட்டார். சும்மா வீட்டுக்கு என்றேன்.

"சும்மான்னு ஒரு கத்தி நான் அடிக்கிறதில்லண்ணா. தேங்கான்னா இது. ஆடுன்னா அது. பன மரம்னா அந்தக் கொடுவாள். ஆளுன்னா இப்பவே சொல்லிடு, நான் அந்தச் சோலிக்கு வரல."

"செத்த ஆளு" என்றேன்.

அவர் துருத்தியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுக்குத்தான் கெவுருமெண்டே உனக்குக் கத்தி குடுத்து வச்சிருந்துச்சே. ரிட்டேர் ஆனப்புறமும் வூட்டுல செய்யப் போறியா?"

கொடுவாளை எடுத்துப் பார்த்தேன். குட்டையான கை, அகலமான அலகு, நுனியில் வளைவு, எடை முழுவதும் முன்பக்கம். வீசினால் கை வலிக்காது, எடையே வேலை செய்யும். பிடியில் கயிறு சுற்றியிருந்ததால் கை வேர்த்தாலும் வழுக்காது. வாங்கி வந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். அதன் கீழே எஸ்தர் ஜெபப் படம் ஒன்றை மாட்டி வைத்தாள். எதை நம்புகிறாய் என்று நீயே முடிவு பண்ணிக்கோ என்று அர்த்தம்.

படம் எடுத்து எங்கள் பிணவறைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான் வினை. என் இடத்தில் இப்போது இருக்கிற பிரபு உடனே கேட்டான்: "ஜாம்பி வந்தா எந்தக் கத்திய எடுக்கணும்ணே? வெவரமா எழுதி அனுப்பு. உனக்காவது வாசல்ல வரும். நாங்க உள்ளயே உக்காந்துக்கினு இருக்கிறோம்."

கிண்டல்தான். ஆனால் கேள்வி நியாயமானது. அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்துதான் இவ்வளவும் வந்தது.

பிரபு, பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சேர்ந்த புதிதில் சோறு இறங்கவில்லை. அப்புறம் இறங்கியது. வாசனை சோப்புக்குப் போகவில்லை. அப்புறம் மூக்கு கேட்பதை நிறுத்திவிட்டது. வேலையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் டாக்டரம்மா. நீ அவரைப் பார்த்ததில்லை. நீ வருவதற்கு முன்பே மாற்றலாகிப் போய்விட்டார்.

ஒல்லியான பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவர் பேசுவது காதில் விழ வேண்டுமானால் நாம் வாயை மூடித்தான் ஆக வேண்டும். விசாரணைக்கு வருகிற ஏட்டு ஐயாக்கள் அவர் அறையில் மட்டும் ரகசியம் பேசுகிற மாதிரி பேசுவார்கள்.

கத்திகளைப் பச்சைத் துணி விரித்து வரிசையாக வைக்கச் சொல்வார். பெரிய கத்தி, சின்னக் கத்தி, விலா எலும்புக்கான கத்தரி, ரம்பம், உளி, சுத்தி, கடைசியில் முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல். அதற்கப்புறம் அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. எந்தக் கத்தியையும் தொடுவதற்கு முன்னால், எதை வெட்டப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் கேட்பார், நான் சொல்வேன்.

"என்ன வெட்டப்போற, சாமுவேல்?"

"சட்ட, டாக்டர்."

அப்படிச் சொன்னால்தான் கத்தரிக்கோலில் கை வைக்கலாம். தூக்குக் கேஸ் என்றால் "கயிறு, டாக்டர்" என்று மட்டும் சொன்னால் போதாது. "முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் கயிறு, டாக்டர்" என்று சொல்ல வேண்டும். முடிச்சை வெட்டக் கூடாது, அது கோர்ட்டுக்குப் போகிற சாட்சி. வெட்டிய இரண்டு முனையையும் நூலால் சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். புதிதில் எனக்கு இது பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. வெளியே நிற்கிற ஏட்டு, உள்ளே பூசை நடக்கிறதா என்று கேட்டுச் சிரித்திருக்கிறார். ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன், எதற்கம்மா இது என்று.

"கை அவசரப்பட்டா யாருக்கும் தெரியாது. வாய் அவசரப்பட்டா உளறும், பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

முதல் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான். "வாய்க்கட்டு, டாக்டர்." நம் பக்கத்தில் யார் செத்தாலும், எந்தத் தெருவானாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், முதல் வேலையாகத் தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டுவார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். மூக்கில் பஞ்சு வைப்பார்கள். வீட்டில் போனவர் எல்லாரும் இந்தக் கோலத்தில்தான் எங்களிடம் வருவார்கள். துணிக்கும் தோலுக்கும் நடுவில் இடது கை விரலைக் கொடுத்து, மழுங்கிய முனையை விரல் மேல் வைத்து, கத்தரியால் வெட்ட வேண்டும். செத்தவர் தோல்தானே என்று விரல் கொடுக்காமல் வெட்டினால் டாக்டரம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அதற்குத் திட்டே மேல்.

தையலிலும் அப்படித்தான். வேறு ஊரில் கோணி தைக்கிற மாதிரி தைத்து அனுப்பலாம். இங்கே முடியாது. ஒரு முறை வயதான நெசவாளர் ஒருவரைத் தைத்து மகன்களிடம் கொடுத்தேன். பெரியவன் துணியை விலக்கிப் பார்த்தான். அழுத கண்ணோடு குனிந்து தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தொடாமல் அளந்தான். "தையலுக்குத் தையல் எட ஒரே மாதிரி விழுந்திருக்குது" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத் துணியை மூடினான். அரசாங்கம் எனக்கு எந்தப் பாராட்டுப் பத்திரமும் தந்ததில்லை. அந்த ஒரு வரி போதும்.

இனி தாமல்காரர் கதை. ஜாம்பிக்கு எந்தக் கத்தி என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே நேரடி அனுபவம் அதுதான்.

வைகாசி மாதம், கருட சேவை அன்றைக்கு. பெருமாள் வீதியில் இருக்கிறார் என்றால் ஊரில் வண்டிக்கு வழி கிடையாது என்று உனக்குத் தெரியும். முன்வாசல் பக்கம் கயிறு கட்டியிருந்தார்கள். தாமலிலிருந்து ஒரு குட்டியானை வண்டி எப்படியோ சந்துகளில் நுழைந்து, எங்கள் பின்வாசலுக்கு வந்துவிட்டது. பின்வாசல் என்றால் பிணவறைதான். வண்டியில் வரதன் என்பவர் மாலையோடு படுத்திருந்தார். ஏரிக்கரையில் விழுந்து கிடந்தாராம். உடம்பு சில்லிட்டிருந்ததாம், கூப்பிட்டால் அசைவில்லையாம். ஊரே கூடி அழுது, கட்ட வேண்டியதைக் கட்டி, மாலையும் போட்ட பிறகுதான், கரையில் கிடந்ததால் போலீஸ் கேஸ் ஆகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு டாக்டரும் இன்னும் பார்க்கவில்லை. முன்பக்கம் போய்ப் பதிவு போட்டு, டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே எடுப்போம் என்றேன். தூக்கிக்கொண்டு கூட்டத்தில் போக முடியாது, இங்கே வைக்கிறோம், ஆளைக் கூட்டி வருகிறோம் என்று வராந்தா மேசையில் இறக்கிவிட்டு எல்லோரும் முன்பக்கம் ஓடினார்கள். அவர் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். வரதனும் நானும் மட்டும் மீதி.

நான் உள்ளே பச்சைத் துணியை விரித்துக் கத்திகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே 'ம்ம்ம்' என்றது.

முதலில் நான் அசரவில்லை. உடம்பிலிருந்து காற்று வெளியேறினால் சத்தம் வரும், புதிதாக வருகிறவர்கள் இதற்குத்தான் ஓடுவார்கள். நீயும் ஓடியிருக்கிறாய், எனக்குத் தெரியும். மறுபடி 'ம்ம்ம்' என்றது. காற்று ஒரு முறைதான் போகும். எட்டிப் பார்த்தேன். மாலைக்கு அடியிலிருந்து இரண்டு கையும் மேலே வந்தன. முன்னால் நீண்டன. எதையோ பிடிக்கப் போகிற மாதிரி விரல்கள் மடங்கின.

எவ்வளவு வேலை செய்திருந்தாலும் அந்த நேரத்தில் மனுஷன் மனுஷன்தான். துணி மேலிருந்ததில் பெரிய கத்தி எதுவோ அது என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ஓங்கியும் இருந்தேன். செத்தவர் என் பக்கம் கையை நீட்டுகிறார், நான் செத்தவர் பக்கம் கத்தியை நீட்டுகிறேன். இருவரில் யார் முதலில் என்பது மட்டும் பாக்கி.

அந்த முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மூக்கில் பஞ்சு, வாயில் கட்டு. நினைவில்லாமல் கிடந்தவரையில் அவருடைய சின்ன மூச்சுக்கு அந்தப் பஞ்சு வழி விட்டிருக்கிறது. நினைவு திரும்பி, உடம்பு பெரிய மூச்சாகக் கேட்டபோது அடைத்துக்கொண்டது. உயிர் வாசல் வரை திரும்பி வந்துவிட்டது, உள்ளே நுழைய வழி இல்லை. ஊரே அன்போடு அடைத்து வைத்திருந்தது. அவர் கை நீட்டியது என்னைப் பிடிக்க இல்லை. தன் வாய் எங்கே என்று தேடத்தான். இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது எனக்குத் தெரிந்தது கத்தி கனமாக இருக்கிறது என்பது மட்டும்.

படியில் டாக்டரம்மா வந்து நின்றார். பார்த்த காட்சியை நினைத்துப் பார். வேறு யாராவது என்றால் ஊரைக் கூட்டியிருப்பார்கள். நானும் பதறி வீசியிருப்பேன். அவர் வழக்கமான அதே குரலில் கேட்டார்.

"என்ன வெட்டப்போற, சாமுவேல்?"

என் மூளை அங்கே இல்லை. வாய்க்கு மட்டும் அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று தெரியும். பல வருஷம் தினமும் சொன்ன பதில்.

"வாய்க்கட்டு, டாக்டர்."

"அதுக்கு இதுவா?"

கை தானாகக் கீழே இறங்கியது. உள்ளே ஓடிப் பெரிய கத்தியை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலோடு வந்தேன். அதற்குள் டாக்டரம்மா மூக்குப் பஞ்சைப் பிடுங்கிவிட்டார். நான் இடது கை விரலைத் துணிக்கும் கன்னத்துக்கும் நடுவில் கொடுத்தேன். தோல் ஈரமாக, சூடாக இருந்தது. அந்த மேசையில் நான் தொட்ட முதல் சூடான தோல். வெட்டினேன். தாடை தொங்கியது. கிணற்றில் வாளி விழுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு அவர் மூச்சை இழுத்தார். இன்னொன்று இழுத்தார். முகத்தின் கறுப்பு மெல்ல இறங்கியது. பிறகு என்னைப் பார்த்து, எழுந்து வந்தவர் பேசிய முதல் வார்த்தை இது:

"கால அவுருப்பா. ஒண்ணுக்கு வருது."

கால்கட்டையும் வெட்டினேன்.

அப்புறம் எல்லாம் அவசர சிகிச்சைக்காரர்கள் பாடு. சர்க்கரை இறங்கிப் போயிருந்தது. கருட சேவைக்கு விரதம், சோறு கிடையாது. சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல விழுங்கியிருக்கிறார். வேர்த்துச் சில்லிட்டு விழுந்ததைப் பார்த்து ஊர் முடிவு கட்டிவிட்டது. மைத்துனர் ஒருவர் என்னிடம் தனியாக வந்து, மாலையைக் கழற்றுவதா வேண்டாமா, இதற்கு ஏதாவது முறை உண்டா என்று கேட்டார். எனக்கு அந்த அனுபவம் இல்லை என்றேன்.

நான் ஓங்கி நின்றதை டாக்டரம்மா யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்கூட. மறுநாள் கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டு வை என்றார். அவ்வளவுதான்.

வரதன் குணமாகி வீட்டுக்குப் போகும் முன்பு என்னைத் தேடி வந்தாராம். நான் அன்று பார்த்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போய்விட்டேன். அதற்குப் பிறகும் ஓரிரு முறை விசாரித்ததாகக் கேள்வி. ஒவ்வொரு முறையும் எனக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது. கண் திறந்திருந்ததா? கத்தியைப் பார்த்தாரா? நான் அறுத்த அத்தனை பேரில் திரும்பி வந்து சாட்சி சொல்லக் கூடியவர் அவர் ஒருவர்தான். அவரையும் நான் அறுக்கவில்லை. அறுக்கப் பார்த்தேன்.

இப்போது போன கோடைக்குத் திரும்பி வா. கொடுவாள் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. தெரு முழுக்கச் சிவந்த கண். பட்டப்பகலில் கேட்டை யாரோ ஆட்டுகிறார்கள். 'ம்ம்ம்' என்று முனகல். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வயசான ஆள். கண் இரண்டும் கோவைப்பழம். கை இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார். தலை நரைத்திருந்தாலும் முகம் மறக்கிற முகமா அது?

கொடுவாள் என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று இந்த முறையும் தெரியாது.

"யாருய்யா அது?" என்றாள் எஸ்தர்.

"தாமல்காரரு."

"எழுந்தாரே, அவரா?" என்று கேட்டுக்கொண்டே அவள் போய்க் கேட்டைத் திறந்துவிட்டாள். என்ன பெண்மணி இவள் என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

கேட் மறைத்திருந்த அந்த நீட்டிய கையில் இருந்தது ஒரு நுங்குக் குலை. கனத்தில்தான் முனகல். மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருக்கிறார். மெட்ராஸ் ஐ என்று சொல்லி, பட்டுக்கடைக்குள் வர வேண்டாம், எல்லோருக்கும் ஒட்டிவிடும் என்று சொந்தச் சம்சாரமே வெளியே நிறுத்திவிட்டாராம். சும்மா நிற்பதற்கு என்னைப் பார்க்கலாம் என்று, பிரபு, உன்னிடம் வந்து என் விலாசம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். நீ எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

குலையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். வாசலில் நான் ஓங்கிய கொடுவாளோடு நிற்கிறேன். சிவந்த கண்ணை இடுக்கி, கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னா வெட்டப்போற, சாமுவேலு?"

கொடுவாளை இறக்கினேன்.

"கேட்டுச்சா அன்னிக்கு?" என்றேன்.

"எல்லாம் கேட்டுச்சு. கண்ணும் தொறந்துதான் இருந்துச்சு. நீ ஓங்கிக்கினு நிக்கிற. ஒரு பொம்பள கொரலு கேள்வி கேக்குது. சரிதான், எமன் வூட்டுல கணக்குப்புள்ள பொம்பள போலன்னு நெனச்சுக்கினேன். நீ இன்னா சொல்லப்போறேன்னுதான் பாத்துக்கினு கெடந்தேன்."

"வேற எதுனா சொல்லியிருந்தா?"

"சொல்லலியே" என்றார். "இப்ப சொல்லு. இன்னா வெட்டப்போற?"

"நுங்கு" என்றேன்.

"அப்ப இதான் சரியான கத்தி. வெட்டு."

வெட்டினேன். அவர் உட்கார்ந்து விரலால் நோண்டி நோண்டித் தின்றார். எங்களுக்கும் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். நானும் எஸ்தரும் தின்றோம். கடையிலிருந்து போன் வந்ததும், என்ன கலர் எடுத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டே போய்விட்டார்.

கடி யாருக்கும் இல்லை. இரண்டு நாள் கழித்து எனக்கும் எஸ்தருக்கும் கண் சிவந்தது. இமை ஒட்டிக்கொண்டு, கையை நீட்டித் தடவித் தடவி, எரிச்சலில் முனகிக்கொண்டே மருந்து வாங்க நான் வாசலுக்கு வந்தேன். ஏகாம்பரம் தன் வீட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டார்.